பார்வதியின் நம்பரில் திறந்த மெயில்

தினேஷ்,

யாரோ தெரியாத முகவரி என்று நினைத்து இதைப் படிக்காமல் அழித்துவிடாதே. இது ஸ்கேமர் இல்லை, உன் அம்மா. சந்தேகமாக இருந்தால் அடையாளம் சொல்கிறேன். முதல்முறை நீ கப்பலுக்குப் போனபோது பைக்குள் நான் வைத்த எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலை ஏர்போர்ட்டில் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். நீயோ "நல்லா இருந்துச்சும்மா, முடிச்சிட்டேன்" என்று எனக்குப் போனில் கதை விட்டாய். அது எனக்குத் தெரியாது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரியும். இப்போது நம்புகிறாயா? இது என் சொந்த மெயில். நானே திறந்தது. கன்டீனில் வடை போட்டு முடித்த பிறகு கிடைக்கிற ஓய்வில், ஒற்றை விரலால் நாள்கணக்காகத் தட்டித் தட்டி எழுதுகிறேன். நீ கரைக்கு வந்ததும் முதல் வேலையாக இதை முழுக்கப் படி. வீட்டு விஷயம் இதில் இருக்கிறது. கடைசியில் உன் விஷயமும் இருக்கிறது. அதை மட்டும் முதலில் தேடிப் படிக்காதே. அங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாமல் படித்தால் உனக்குக் கோபம்தான் வரும்.

நியாலாஸ் தோட்டம் கைமாறுகிறது, தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளை எல்லாம் இடிக்கப் போகிறார்கள் என்று உனக்கே தெரியும். அப்பா இருந்திருந்தால் இந்த ஓட்டமெல்லாம் அவர் தலையில். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், நான் ஓடுகிறேன். ஜாசின் பக்கம் அரசாங்கம் கட்டுகிற மலிவு வீட்டுக்கு என் பெயரில் விண்ணப்பம் போட்டது நீதான். மெயில் முகவரி கேட்ட இடத்தில், பள்ளிக்கூடக் காலத்தில் நீ திறந்த உன் மெயிலையே போட்டாய். "அம்மா, எல்லாம் என்கிட்ட வரட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாய். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. மகன் பார்த்துக்கொள்கிறான் என்று கன்டீனில் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நீ நடுக்கடலில் இருக்கிறாய். லைன் கிடைக்கிற நாள்தான் உனக்கு நாள். அந்தப் பழைய மெயிலை நீயே திறந்து பார்த்து எத்தனை மாதம் ஆயிற்றோ.

போன வெள்ளிக்கிழமை காலையில் மாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், போன் அடிக்கிறது. மலாக்காவில் இருக்கிற அந்த வீட்டு ஆபிசிலிருந்து ஒரு மலாய்ப் பெண், என்னை அத்தை முறை வைத்துக் கூப்பிட்டாள். "மக்சிக், உங்களுக்கு வீடு கிடைத்திருக்கிறது. மெயில் அனுப்பி எவ்வளவு நாள் ஆகிறது, ஏன் பதிலே இல்லை? இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணியோடு கெடு முடிகிறது. மெயிலில் வந்திருப்பதை அழுத்திச் சம்மதம் சொல்லாவிட்டால், காத்திருக்கும் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்" என்று மலாயில் சொன்னாள். என் மெயில் இல்லையம்மா, மகனுடையது, மகன் கப்பலில் என்றேன். "அப்படியென்றால் ஐ.சி. அடையாள அட்டையோடு நேரில் வாருங்கள், முகவரியை மாற்றித் தருகிறேன். ஆனால் உங்களுக்கென்று ஒரு மெயில் வேண்டும்" என்றாள். எண்ணெய்ச் சட்டியை அடுத்தவளிடம் ஒப்படைத்தேன். முதலாளியிடம் கேட்கக்கூட இல்லை, சொல்லிவிட்டு ஓடினேன். உனக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டேன், கூப்பிட்டேன், மறுபடி போட்டேன். ஒரே ஒரு டிக். அந்த ஒற்றை டிக் இரண்டாகுமா என்று பார்த்துக்கொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினேன்.

பஸ்ஸில் ஏறினால் முன் இருக்கையில் யார்? பார்வதி. நம் லயத்தில் நாலாவது வீட்டுப் பார்வதி. மடியில் ஒரு பைல், அதன்மேல் கைப்பை. ஆடி மாதம் கோயிலில் நான் கிண்டிய கூழை, அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, "என்னாக்கா, கூழா இது, கை கழுவுன தண்ணியா?" என்று கேட்டாளே, அதே மகராசி. நானும் சும்மா இருக்கவில்லை. உன் வீட்டுக் குழம்பின் லட்சணம் ஊருக்கே தெரியும் என்று கரண்டியை ஆட்டிச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு ஆடி வந்து போய்விட்டது, எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் அவளைத் தாண்டிப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். மலாக்கா வரைக்கும் அவள் பின்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன். இவள் எங்கே போகிறாள், அதுவும் வேலை நாளில், பட்டுப்போன்ற சேலை கட்டிக்கொண்டு? ஆபிஸ் வாசலில் அவளும் இறங்கியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவளும் அதே வீட்டுக்குத்தான் விண்ணப்பம் போட்டிருந்தாள்.

என் முறை வருவதற்கே மத்தியானம் தாண்டிவிட்டது. கவுண்டரில் அந்தப் பெண் நல்லவள்தான். கணினியைப் பார்த்துவிட்டு, "உங்களுடையது கடைசி வீடு, மக்சிக். நீங்கள் எடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ள ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார்" என்று என் தோளுக்குப் பின்னால் கண்ணைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தேன். பார்வதி. அவளும் என்னைப் பார்த்தாள். அடுத்த பெயர் அவளுடையது. யாருடைய வீடு நழுவினால் தனக்குக் கிடைக்கும் என்று காலையிலிருந்து காத்திருந்தாளோ, அந்த ஆள் நான்தான் என்று அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. பைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டா பாரு, கழுகு மாதிரி" என்று என் வாய்க்குள்ளேயே திட்டினேன். உன்னிடம் மறைப்பானேன், அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். முதலில் உன் பழைய மெயிலுக்குள் நுழையப் பார்த்தேன். பாஸ்வேர்டு தெரியாது. மறந்துவிட்டேன் என்று அழுத்தினால், உன் நம்பருக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்கிறது. உன் நம்பர் எந்தச் சமுத்திரத்தில் மிதக்கிறதோ! சரி, புதிதாகத் திறப்போம், காசா பணமா, இலவசம்தானே என்று ஆரம்பித்தேன். பெயர் கேட்டது, போட்டேன். குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏதடா குடும்பப் பெயர்? ஐ.சி.யில் இருக்கிற மாதிரி என் அப்பா பெயரைப் போட்டேன். பிறந்த தேதி கேட்டது, ஐ.சி.யில் இருப்பதையே போட்டேன். நான் ஆசையாகக் கேட்ட முகவரியை எவளோ முன்னாலேயே எடுத்துவிட்டாள். பிறகு பெயரோடு நம் வீட்டு எண்ணைச் சேர்த்தேன், ஒத்துக்கொண்டது. பாஸ்வேர்டு போட்டேன். ஒவ்வொரு படியும் தாண்டத் தாண்ட, அட, நம்மால் முடிகிறதே என்று ஒரு தெம்பு. கடைசியாக, நீ மனிதன்தானா என்று பார்க்க உன் போன் நம்பரைக் கொடு என்றது. கொடுத்தேன். சிவப்பு எழுத்தில் மலாயில் வந்தது: இந்த நம்பரை இதற்கு முன் அதிகத் தடவை பயன்படுத்திவிட்டார்கள், வேறு நம்பர் கொடு.

தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி அடித்தேன். அதே சிவப்பு. பிறகுதான் உறைத்தது. ஊரடங்கு நேரம் ஞாபகம் இருக்கிறதா? அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்க ஆளுக்கொரு மெயில் வேண்டும் என்றார்கள். லயத்தில் பாதிப் பேர் போனில் டாப் அப் இல்லை, மீதிப் பேருக்குக் குறியீடு வந்தால் பார்க்கத் தெரியாது. நீ நம் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். வருகிறவர்களுக்கெல்லாம் வரிசையாக மெயில் திறந்து கொடுத்தாய். எல்லாவற்றுக்கும் என் நம்பர். "அம்மா, குறியீடு வந்திச்சா?" என்று நீ கேட்பாய், நான் ரசத்தைக் கிளறிக்கொண்டே உள்ளேயிருந்து வாசிப்பேன். யாரும் கால் காசு கொடுக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் முருங்கைக் கீரை கொண்டு வந்தாள். ஊருக்கெல்லாம் வாசல் திறந்து விட்ட நம்பர், இன்று எனக்கு மட்டும் சாத்திக்கொண்டது. நாம் செய்தது தப்பு என்று நீ இப்போது சொல்வாய். நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்த மெயில் இல்லாவிட்டால் அத்தனை வீட்டிலும் அரிசி இருந்திருக்காது.

சரி, வேறு யார் நம்பராவது போதும், வருகிற குறியீட்டைப் போனில் வாசித்துச் சொன்னால் ஆயிற்று. லயத்துக்குக் கூப்பிட்டேன். குலை வெட்டுக்குப் போனவர்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறார்கள், லைன் இல்லை. மாரியாயி அக்கா மட்டும் எடுத்தார். "அக்கா, உங்க நம்பருக்கு ஒரு குறியீடு வரும், அதை எனக்குக் கொஞ்சம் சொல்லுங்கக்கா" என்றேன். "யாருடா நீ? அவ குரல் மாதிரியே பேசுறியா? நம்பர் கேக்கறவன் எல்லாம் திருடன்லா!" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் போனையே அணைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போன வருடம் ஒருத்தர் சேமிப்பை ஸ்கேமர்கள் சுருட்டிக்கொண்டு போனபோது கோயிலில் எல்லோரையும் உட்கார வைத்து, "யார் கேட்டாலும் குறியீட்டைச் சொல்லாதீங்க, நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்று நீட்டி முழக்கியது யார்? உன் அம்மாதான். என் பாடத்தை மாரியாயி அக்கா ஒருத்தர்தான் ஒழுங்காகப் படித்திருக்கிறார்.

ஆபிசில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டேன். பக்கத்தில் ஒரு சீனர், வயதானவர். போனைச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார். ஒரு மலாய்த் தம்பதியிடம் போனேன், அந்த மனைவி கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள். கவுண்டர்ப் பெண்ணிடம் கெஞ்சினேன். "எங்கள் நம்பர் கொடுக்க அனுமதி இல்லை, மக்சிக், வேலை போய்விடும்" என்றாள். அவள் கண்ணே கலங்கியிருந்தது. அதற்குள் காவலாளி வந்து, ஆட்களைத் தொந்தரவு செய்யாதீர்கள், உட்காருங்கள் என்றான். தினேஷ், நாற்பது வருடம் இந்த ஊரில் உழைத்தவளைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் நாலரை தாண்டிவிட்டது. ஒரு கவுண்டரை அப்போதே சாத்திவிட்டார்கள். லயத்தை இடிக்க வருகிற அன்று அப்பா படத்தையும் சாமி படத்தையும் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பேன் என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. பார்வதி முன்னால் அழக்கூடாது என்று முந்தானையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்தேன்.

பார்வதி எழுந்தாள். நேராகக் கவுண்டருக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"என் நம்பரப் போடு."

நான் போனைக் கையில் பிடித்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"காது கேக்கலையா? என் நம்பரப் போடுலா, நேரமாவுது."

"பார்வதி, இத நான் போட்டா..."

"போட்டா என்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? நான் என்னா பச்சப் புள்ளையா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கூழ்ல தண்ணி ஜாஸ்தின்னு நான் சொன்னது சொன்னதுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. போடு" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல நம்பரை அடித்தேன். இரண்டு பேரும் அவள் மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. அவள் போனைத் தூக்கிப் பிடித்து ஜன்னல் பக்கம் போனாள். கடிகாரத்தில் நாலே முக்கால். கவுண்டர்ப் பெண் எழுந்து நின்று எங்களையே பார்க்கிறாள். டிங் என்று ஒரு சத்தம். பார்வதி திரையைப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள். ஒரு விநாடி இருக்குமா, இரண்டு விநாடி இருக்குமா, தெரியாது. அவளுக்கும் ஒரு மகள், மாலினி, இந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதுகிறாள். அவளுக்கும் அதே லயம், அதே இடிக்கிற இயந்திரம். அவள் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும், வீடு அவளுக்கு. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது, நான் உட்பட. அங்கே நின்றது நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டேன். பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அவள் வந்து போனையே என் கையில் வைத்தாள். "கண்ணாடி எடுத்தாரல. நீயே பாத்துக்க" என்றாள்.

மெயில் திறந்தது. ஓடிப்போய்க் கவுண்டரில் கொடுத்தேன். அந்தப் பெண் முகவரியை மாற்றினாள், அனுப்பினாள். என் மெயிலுக்கு வந்த முதல் கடிதமே நம் வீடுதான், தினேஷ். சம்மதம் என்ற இடத்தை அழுத்தினேன். கவுண்டர்ப் பெண் கைதட்டிவிட்டாள், பிறகு வெட்கப்பட்டுச் சுற்றும் பார்த்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது பார்வதி இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள், பைலைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜாசின் வந்ததும் என்னால் பொறுக்க முடியாமல், "ஏன்டி கொடுத்தே?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மெயிலு யார் நம்பர்ல நிக்குது? நான் ஒவ்வொரு தடவ உள்ள போவும்போதும் குறியீடு உனக்குத்தானே வருது? இந்த வீட்டுக்கு நான் மனுப் போட்ட அன்னிக்குக்கூட மாலினிதானே உன் பின்வாசல்ல வந்து நின்னா?" என்றாள். உண்மைதான். சண்டைக்குப் பிறகும் மாலினி பின்வாசலுக்கு வருவாள். "பெரியம்மா, நம்பர் வந்திச்சா?" என்பாள். நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி வாசிப்பேன். அவளும் எழுதிக்கொண்டு போவாள். எத்தனையோ தடவை. எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. "உனக்கு என் மேல அவ்ளோ கோவம். வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் மெயிலு செத்துருக்கும். நீ சொல்லலையே" என்றாள் பார்வதி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வந்ததும் என் போனை வாங்கி, எல்லாவற்றையும் உன் நம்பருக்கு மாற்றி, "அம்மா, இனிமே பயமில்ல" என்று சொல்லப் போகிறாய். மாற்றாதே. என் மெயிலில் பார்வதியின் நம்பர்தான் இருக்கும். நான் பாஸ்வேர்டை மறந்தால் அவள் வாசலில் போய் நின்று, குறியீடு வந்திச்சா என்று கேட்டுக்கொள்கிறேன். நீ நல்ல பிள்ளை, எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வீட்டுச் சாவி எல்லாவற்றையும் ஒருத்தனே இடுப்பில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகக் கூடாது. நாளைக்கு உனக்குக் கல்யாணமானால் உன் மனைவியிடமும் இதையே செய்யாதே. அவளுக்கென்று ஒரு மெயில், ஒரு பாஸ்வேர்டு இருக்கட்டும், எட்டிப் பார்க்காதே. என் பாஸ்வேர்டையும் கேட்காதே, சொல்ல மாட்டேன். போனில் எவனாவது குறியீடு கேட்டால் கொடுக்காதே, அது எப்போதும் அப்படித்தான். ஆனால் கேட்கிறவள் பக்கத்து நாற்காலியில் அழுதுகொண்டிருந்தால், கொஞ்சம் யோசி.

புது வீட்டில் மூன்று அறை. ஒன்று எனக்கு. ஒன்று சின்னது, அதில் சாமியும் அப்பா படமும். பெரிய அறையில் உனக்கு நீலச் சுண்ணாம்பு அடித்து, ஏர்கோன் போடலாம் என்று நீ போன தடவை படமெல்லாம் அனுப்பினாயே, அந்த அறையை நான் பார்வதிக்கும் மாலினிக்கும் கொடுத்துவிட்டேன். அவள் பெயர் பட்டியலில் இப்போது முதலாவதாக இருக்கிறது. அடுத்த வீடு எப்போது காலியாகும் என்று அந்தக் கவுண்டர்ப் பெண்ணுக்கே தெரியாது. லயத்தை இடிக்கிறவர்கள் அதற்காகக் காத்திருக்க மாட்டார்கள். உன்னிடம் கேட்காமல் கொடுத்தது எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் ஒரு டிக்தான் விழுந்திருக்கும். கோபம் வந்தால் எனக்கு எழுது, முகவரிதான் இப்போது உன்னிடம் இருக்கிறதே, வையவும் செய், படிக்கிறேன். ஆனால் அவர்கள் முகத்தில் காட்டாதே.

குடி போனதும் ஹாலில் உனக்கு மெத்தை வாங்கிப் போடுகிறேன். உன் பெட்டியைத் துடைத்து அந்த அறையில்தான் வைப்போம். அறைச் சாவி மாலினியிடம் இருக்கும். உன் சாமானை எடுக்க வேண்டுமென்றால், கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு உள்ளே போ.

அம்மா